நாச்சிமலை திரும்பி உட்கார்ந்தது

நாச்சிமலை மஞ்சிக்கோம்பைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தது ஒரு புதன்கிழமை விடியற்காலையில். அதை முதலில் பார்த்தவள் டீக்கடை போதுமணி. பார்த்ததும் அவள் செய்தது பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டது மட்டும்தான், ஏனென்றால் நாற்பத்தொன்பது வருஷமாக அவள் கண்விழித்துப் பார்த்த அருவியும், அருவிக்கு மேலே நெற்றி மாதிரி வழுவழுத்துக் கிடந்த பாறையும், பாறைக்கு இரண்டு பக்கமும் அவிழ்த்துவிட்ட கூந்தலாகச் சரிந்த சோலைகளும் இருந்த இடத்தில், முள்ளும் சரளையும் ஆட்டுத்தடங்களும் மண்டிய, யாரும் எந்தக் காலண்டரிலும் போட விரும்பாத ஒரு பெரிய பழுப்பு முதுகு நின்றது. “என்ன தாயி, கோவமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தாள். பதில் வராததால் உள்ளே போய் அன்றைய முதல் டீயை ஆற்றினாள்.

பத்து மணிக்குள் ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது, பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குத் தக்கபடி அதை எடுத்துக்கொண்டது. ஆடு மேய்க்கிற ஒச்சப்பன், அரை நாள் நடந்து போய்ச் சேருகிற மேய்ச்சல் காடு வாசலுக்கே வந்துவிட்டதென்று மந்தையை அவிழ்த்துவிட்டு மத்தியானமே வந்து படுத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்து டீச்சர் ‘எங்கள் ஊர்’ படத்தில் அருவியை ரப்பரால் அழிக்கச் சொல்லிவிட்டு, அழுத்தி அழித்ததில் தாள் கிழிந்த பிள்ளைகளுக்கு வேறு தாள் கொடுத்தார். அதுவரை ‘அருவி ஸ்டாப்’ என்று கூவிக்கொண்டிருந்த பஸ் கண்டக்டர் இரண்டாவது நடையிலிருந்து ‘அருவி இருந்த ஸ்டாப்’ என்று கூவினார், இறங்க வேண்டியவர்கள் சரியாக இறங்கினார்கள். மலைக்கு அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வரிசைவீட்டு லயத்துக்காரர்கள் ஜீப் டிரைவரிடம் சேதி சொல்லி அனுப்பினார்கள்: உங்க அருவி எங்க லயத்துக்குப் பின்னாடி வந்து விழுது, துணி காயப்போட இடமில்ல, எப்ப எடுத்துக்கிடுவீங்க? ஊர்த்தலைவர் மொக்கச்சாமி, கொஞ்சம் பொறுத்துக்கங்க, வீட்டுல ஒரு மனஸ்தாபம், பேசிக்கிட்டிருக்கோம் என்று அதே டிரைவரிடம் பதில் சொல்லி அனுப்பினார்.

ஊரால் அப்படி எடுத்துக்கொள்ள முடியாமல் போனது தண்ணீர் ஒன்றைத்தான். அருவியிலிருந்து ஓடையாக இறங்கி, ஊர்த் தொட்டியை நிரப்பி, மிச்சம் வாழைக்கும் அவரைக்கும் பாய்கிற தண்ணீர் அது. புதன்கிழமை மத்தியானம் ஓடை நின்றுபோனது. தொட்டியில் கிடந்தது குடிக்க மட்டும் வைத்துக்கொண்டால் பத்து நாள் வரும்.

மலை ஏன் திரும்பியது என்று ஊரில் யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கல்யாணத்துக்குச் சொந்த ஊர் போதாமல் அழகான ஊர் தேடுகிற பழக்கம் எங்கேயோ தொடங்கி மஞ்சிக்கோம்பைக்கு வந்துசேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காரில் வருவார்கள், இடம் பார்க்க வந்திருக்கிறோம் என்பார்கள். விலைக்கு நிலம் பார்க்க வருகிறவரை எப்படி நடத்துவதென்று ஊருக்குத் தெரியும், மாடு பார்க்க வருகிறவரையும் தெரியும். வாங்காமல், தங்காமல், ஒரு நாள் கல்யாணத்துக்காக ஒரு மலையைப் பார்க்க வருகிறவர்களை எப்படி நடத்துவது என்று தெரியாமல் ஊர் இரண்டு நாள் குழம்பி, கடைசியில், கல்யாண விஷயமாகப் பார்க்க வருகிறவர்களுக்கு என்று தனக்குத் தெரிந்த ஒரே முறையைக் கையில் எடுத்தது. ராகுகாலம் இல்லாத நேரமாகச் சொல்லி வரவழைத்தார்கள். நாவல் மரத்தடியில் ஜமுக்காளம் விரித்தார்கள். கேசரி கிண்டி, வாழைக்காய் பஜ்ஜி போட்டார்கள். மலைக்குச் சேலை கட்ட முடியாதாகையால் அடிவாரத்துப் பாறையில் நாலு முழம் மல்லிகைச் சரம் சுற்றினார்கள். அட்டைப்பூச்சி இருக்குமா என்று வந்தவர்கள் கேட்டால் அது மழை மாசத்துல மட்டுந்தான் என்று, பெண்ணுக்கு வருகிற தலைவலியைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். வந்தவர்களும் முறை தப்பாமல் எத்தனை அடி உயரம், எல்லா மாதமும் தண்ணீர் வருமா, இதற்கு முன்னால் வேறு யாராவது பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்றெல்லாம் கேட்டு, முன்னால் நின்று, பக்கவாட்டில் நின்று, படம் எடுத்துக்கொண்டு, கை கழுவிவிட்டு, ஆபீஸில் பேசிவிட்டு போன் பண்ணுகிறோம் என்று சொல்லி வண்டி ஏறினார்கள்.

பெண்ணைப் பெற்ற எந்த வீட்டுக்கும் அந்தச் சொல்லின் கனம் தெரியும். பத்து தடவை அது சொல்லப்பட்டது, பத்து தடவையும் போன் வரவில்லை. பதினோராவதாக வந்தவள் வத்சலா.

சென்னையில் ஒரு கல்யாண நிறுவனத்துக்கு இடம் பார்த்துக் கொடுக்கிறவள் அவள். வயது நாற்பத்து மூன்று. பதினோரு வருஷத்தில் நானூறு இடங்களுக்கு மேல் பார்த்தாகிவிட்டது. கடற்கரை, காயல், ஏலக்காய்த் தோட்டம், இடிந்த அரண்மனை, ஆற்றுத் திட்டு என்று எதன் முன்னால் போய் நின்றாலும், இந்த ஓரத்தில் மேடை, அந்த ஓரத்தில் சாப்பாட்டுப் பந்தல், வெயில் எத்தனை மணிக்கு மாலையின் மேல் விழும் என்பதாகவே அவளுக்குத் தெரிந்தது. உனக்குப் பிடித்திருக்கிறதா என்று யாராவது கேட்டால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, யாருக்கு என்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமை ஜமுக்காளத்தில் உட்கார்ந்து இரண்டாவது பஜ்ஜியைப் பிட்டபோது டல்லாஸிலிருந்து கல்யாணப் பெண்ணின் அம்மா ஹேமலதா கூப்பிட்டாள். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வத்சலா, ஆபீஸில் உட்கார்ந்து பேசுகிற பழக்கத்தில், நேரே நிமிர்ந்து மலையின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: “சுமாரா இருக்கு மேடம். முகம் லட்சணம்தான். தண்ணிதான் கொஞ்சம் ஒல்லி. குடகுல இதைவிட நல்லதா ஒன்னு கையில இருக்கு.”

மரத்தடியில் இருந்தவர்கள் தங்கள் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். போதுமணி கேசரித் தட்டை எடுத்து மூடி வைத்தாள். மறுநாள் காலையில் மலை திரும்பியிருந்தது.

வெள்ளிக்கிழமை வத்சலா மறுபடி வந்து இறங்கியபோது கையில் ஒரு இனிப்புப் பெட்டியும் அளவு நாடாவும் இருந்தன. முப்பத்தெட்டு இடங்களின் படங்களைப் பார்த்த ஹேமலதா, குடகை ஒதுக்கிவிட்டு, அந்த ஒல்லி அருவிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டிருந்தாள். தை மாதம் முகூர்த்தம், பத்திரிகையில் அருவியின் படம், செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகிறது. பஸ்ஸை விட்டு இறங்கிய வத்சலா மலையைப் பார்த்தாள், தான் வந்த ஊரின் பெயரைக் கடைப் பலகையில் படித்தாள், மறுபடி மலையைப் பார்த்தாள்.

“இது மஞ்சிக்கோம்பைதானே அக்கா?”

“மஞ்சிக்கோம்பைதான்,” என்றாள் போதுமணி. “டீ போடவா? சீனி கம்மியாத்தான் குடிப்பீங்க.”

“அருவி எங்கக்கா?”

“அருவியும் மலையும் ஒன்னாத்தான அந்தப் பக்கம் திரும்பியிருக்கு. நீங்க பேசுனத கேட்டுருச்சு தாயி. நாங்களே கேட்டமே, அது கேக்காதா.”

தான் என்ன பேசினோம் என்று வத்சலாவுக்கு நினைவில்லை. போதுமணி அதை வார்த்தை பிசகாமல், ஒல்லி என்ற சொல்லில் கொஞ்சம் நிறுத்தி, திருப்பிச் சொன்னாள். வத்சலாவுக்குக் காது சுட்டது. ஒரு மலையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, ஊரிடம் கேட்க வேண்டுமா, அல்லது இது எல்லாமே மண்சரிவை மறைக்க இவர்கள் சொல்கிற கதையா என்று புரியாமல் டீயைக் குடித்து முடித்தாள். ஆனால் மண் எங்கும் சரிந்திருக்கவில்லை. அவரைக் கொடிகள் வாடிய ஓடைக்கரையில் முந்தாநாள் வரை தண்ணீர் ஓடிய ஈரம் கறுப்பாகத் தெரிந்தது.

சாயங்காலம் தொட்டிக்கரையில் ஊர் கூடியது. மொக்கச்சாமி இனிப்புப் பெட்டியைக் கையில் வாங்கவில்லை.

“பிடிச்சிருக்குன்னு சொல்ல வந்திருக்கீங்க. சந்தோசம். யாருக்குப் பிடிச்சிருக்கு, மேடம்?”

“பெண்ணோட அம்மாவுக்கு.”

“அந்தம்மாவா வந்து பார்த்துச்சு? நீங்கதான பார்த்தீங்க. சரி, கட்டிக்கிறது யாரு?”

“பெண் ஆதிரை. டல்லாஸ்ல இருக்கா. மாப்பிள்ளை இருக்கிறது சிட்னில.”

“ரெண்டு பேருக்கும் சொந்த ஊரு?”

“பெண்ணோட அப்பாவுக்கு மன்னார்குடிப் பக்கம்.”

“அங்க மண்டபம் கெடைக்கலியா?”

“மண்டபமெல்லாம் இருக்குங்க. இயற்கையா, அழகா ஒரு இடம் வேணும்னு பிரியப்படுறாங்க.”

“அப்ப நாங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?” என்று பின்னாலிருந்து ஒச்சப்பன் கேட்டான். “ஒரு கல்யாணத்துல ரெண்டுல ஒன்னாத்தான இருக்க முடியும். யாரு யாரை அதட்டுறதுன்னு தெரியணும்ல.”

ஊர் அதையே பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசியது. மலையைப் பார்த்தது கம்பெனி, கம்பெனி என்பது தரகு, தரகருக்குப் பிடித்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு கட்சி. பார்த்த வாய்தான் பழித்தது, பழித்த வாய்தான் பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி ஜெயித்தது. மறுநாள் காலை வத்சலா தட்டில் பூவும் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு முள்ளுக்கு நடுவே போய் நின்று, அந்தப் பழுப்பு முதுகைப் பார்த்து, எங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றாள். தன் குரல் தனக்கே ரயில் நிலைய அறிவிப்புபோலக் கேட்டது. முதுகில் எங்கோ உயரத்தில் ஒரு கல் பெயர்ந்து, நிதானமாக உருண்டு வந்து, பஸ் நிறுத்தத்து நிழற்குடையின் தகரத்தில் ஒரு பள்ளம் செய்துவிட்டு நின்றது.

“சும்மா சொல்லுறது தெரியுது அதுக்கு,” என்றாள் போதுமணி.

முதலாளி கௌதமன் போனில், மலை திரும்பிவிட்டது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டான். திரும்பி உட்கார்ந்திருக்கிறது என்றாள் வத்சலா. அவனும் ஆச்சரியப்படவில்லை, கல்யாணத் தொழிலில் யானைக்குக் கல்யாணத்தன்று காலை ஜலதோஷம் பிடித்ததையெல்லாம் சமாளித்தவன். “அப்ப மேடையை அந்தப் பக்கம் போட்டுக்கலாமே. அந்தப் பக்கம் போய்ப் பாருங்க. செவ்வாய்க்கிழமைக்குள்ள உறுதி வரணும் வத்சலா. இல்லைன்னா இந்தக் கல்யாணத்தை வேற ஆள்கிட்ட கொடுத்துருவேன். இதைக் கொடுத்தா அப்புறம் எல்லாத்தையும் கொடுக்கிற மாதிரிதான்.”

ஞாயிற்றுக்கிழமை மொக்கச்சாமி அவளை ஜீப்பில் ஏற்றி, மலையைச் சுற்றி ஒன்பது மைல் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம், மஞ்சிக்கோம்பைப் பெண்கள் குடத்தோடு எதிரே வந்துகொண்டிருந்தார்கள். லயத்துக்காரர்கள் நல்லவர்கள், தண்ணீருக்கு இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஒன்பது மைல் தலையில் வருகிற தண்ணீர் வீட்டுக்கு வரும்போது பாதிதான் இருக்கும். போன வாரம் தனக்குக் கேசரி பரிமாறியவளை வத்சலா அந்த வரிசையில் பார்த்தாள். அவள் குடத்தைப் பிடித்திருந்த கையை எடுக்க முடியாமல் கண்ணால் வாங்க என்றாள்.

லயத்துக்குப் பின்னால் மலை தன் முழு முகத்தோடு உட்கார்ந்திருந்தது. அருவி விழுந்தது. அருவிக்கு முன்னால் ஒரு ஜமுக்காளம் விரித்திருந்தது. ஜமுக்காளத்தில், லயத்துக்காரர்கள் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துக் கொடுத்த பழம்பொரியைக் கையில் வைத்துக்கொண்டு, வேறொரு கல்யாண நிறுவனத்துக்காரன் உட்கார்ந்து, அருவியைப் பார்த்தபடி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். பேசி முடித்து, கை துடைத்து, எழுந்து, முன்னால் நின்று, பக்கவாட்டில் நின்று, படம் எடுத்தான். பிறகு லயத்துக் கங்காணியிடம், ஆபீஸில் பேசிவிட்டு போன் பண்ணுகிறேன் என்று சொல்ல வேண்டியதைச் சொன்னான்.

மொக்கச்சாமி ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. “போச்சு,” என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் மலைக்கு எல்லாப் பக்கமும் முதுகாக இருந்தது. மஞ்சிக்கோம்பையிலிருந்து பார்த்தாலும் முதுகு, லயத்திலிருந்து பார்த்தாலும் முதுகு, வடக்கே சுற்றிப் போன ஒச்சப்பனும் தெற்கே சுற்றிப் போன ஜீப் டிரைவரும் வந்து சொன்னதும் முதுகு. ஒரு மலைக்கு எத்தனை முதுகு இருக்க முடியும் என்று டீக்கடையில் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. ஐந்து அண்ணன் தம்பிகள் உள்ள வீட்டில் சண்டை வந்தால் இப்படித்தான் என்று யாரோ சொல்ல, அது எப்படிப் பொருந்தும் என்று யாருக்கும் விளங்காவிட்டாலும் பேச்சு அத்தோடு நின்றது. பாறையில் காதை வைத்தால் அருவி உள்ளே விழுகிற சத்தம் கேட்டது. மல்லிகைச் சரம் காய்ந்து தொங்கிய அடிவாரத்தில் ஊரே ஒருவர் பின் ஒருவராகக் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்தது. தொட்டியில் நாலு நாளைக்குத்தான் இருந்தது. இப்போது லயத்திலும் இல்லை.

அன்று மத்தியானம் டீக்கடை பெஞ்சில் வத்சலா மட்டும் உட்கார்ந்திருந்தாள். கடை மூடுவதற்கு முன் மிச்சத் தண்ணீரில் ஒரே ஒரு கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்த போதுமணி தானாகவே பேச ஆரம்பித்தாள்.

“என்னைப் பதினாலு பேரு பார்த்தாங்க தாயி. எங்க வீட்டுல அஞ்சாவது பொண்ணு, அதான் இந்தப் பேரு. பதினாலு தடவை அதே பச்சைச் சீலை, அதே தட்டு. பதினஞ்சாவதா எங்க வீட்டுக்காரரு வந்தப்ப நான் மாடு கறந்துக்கிட்டிருந்தேன். பால் பாதியில இருக்கு, திரும்ப முடியாதுன்னுட்டேன். முதுகைப் பார்த்துட்டுப் போயி பேசி முடிச்சிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் சண்டைன்னா, ஒம் முகத்தை யாருடி பார்த்தாங்கறாரு.”

வத்சலா சிரித்தாள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக.

“கல்யாணம் ஆனப்புறமும் எனக்கு ஒன்னுதான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. பதினாலு பேருகிட்டயும் எம் போட்டோ இருந்துச்சு. சம்பந்தம் அமையலைன்னா போட்டோவையும் ஜாதகத்தையும் திருப்பிக் கொடுக்கணும்ல, அதான முறை. ஒன்பது பேருதான் கொடுத்தாங்க. அஞ்சு போட்டோ எங்க கெடந்துச்சோ, யாரு மேசையில கெடந்துச்சோ, யாரு எடுத்துப் பார்த்து என்ன சொன்னாங்களோ. ராத்திரி திடீர்னு முழிச்சா மேலெல்லாம் யாரோ பார்க்கிற மாதிரியே இருக்கும். எங்கய்யா வெள்ளாமையை விட்டுட்டு ஊரு ஊராப் போயி அஞ்சையும் வாங்கியாந்தாரு. அன்னைக்குத்தான் நல்லாத் தூங்குனேன்.”

சொல்லிவிட்டு அவள் கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள். வத்சலா தன் போனை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் நாச்சிமலையின் நூற்று எழுபது படங்கள் இருந்தன. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பன்னிரண்டு, ஹேமலதாவிடம் எட்டு. மற்ற பத்துப் பேரிடமும் லயத்தில் பார்த்தவனிடமும் எத்தனையோ. அவர்களில் ஒருவர்கூட எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று நானூறு இடங்களில் ஓர் இடத்திலும் அவளுக்குத் தோன்றியதில்லை.

“இதை எப்படிக்கா திருப்பிக் கொடுக்கிறது?”

“கையிலதான்,” என்றாள் போதுமணி. “வேற எப்படிக் கொடுப்பீங்க?”

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணியிலிருந்து வத்சலா போன் பேசினாள். அந்தப் பத்துப் பேரும், லயத்தில் பார்த்தவனும், தொழிலில் அவளுக்குத் தெரிந்தவர்கள்தான். நாச்சிமலைப் படங்களை என்னிடம் கொடுத்துவிட்டு உங்களிடம் இருப்பதை அழித்துவிடுங்கள் என்று கேட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, சம்பந்தம் முடியவில்லை, முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றாள். ஒருவன் சிரித்தான். ஒருத்தி, உனக்கு உடம்பு சரியில்லையா என்று அக்கறையாக விசாரித்தாள். ஆனால் ஆச்சரியமாக, என் அக்காவுக்கும் இப்படி ஒரு போட்டோ வராமலே போச்சு என்று ஒரு வயதானவர் முதலில் அனுப்பிவைத்தார். அப்புறம் ஒவ்வொருவராக அனுப்பினார்கள். லயத்தில் பழம்பொரி சாப்பிட்டவன்தான் கடைசி. அவனிடம் அவள் இரண்டு தடவை பேச வேண்டியிருந்தது.

ஹேமலதாவிடம் பேசியபோது டல்லாஸில் ராச்சாப்பாடு நேரம். ஸ்பூன் சத்தம் கேட்டது.

“உங்ககிட்ட இருக்கிற எட்டுப் படத்தையும் அழிச்சிருங்க மேடம். இந்த இடம் அமையாது. அதுக்கு விருப்பம் இல்லை.”

“எதுக்கு?”

“மலைக்கு.”

ஸ்பூன் சத்தம் நின்றது. பிறகு ஹேமலதா, யாரிடமோ தலையைத் திருப்பி, ஆதிரை, மலைக்கு விருப்பம் இல்லையாம் என்று சொல்வது கேட்டது. பெண்ணின் குரல் தூரத்திலிருந்து, அப்படியா, அது சொல்லிவிட்டதா என்றது. அந்தக் குரலில் இருந்தது ஏமாற்றமா, ஆறுதலா, பொறாமையா என்று வத்சலாவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

கௌதமனிடம் பேசியது கொஞ்ச நேரம்தான். நிறுவனத்தின் பக்கத்திலிருந்து அந்தப் பன்னிரண்டையும் அவளே அழித்திருந்தாள். “உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?” என்றான். யாரும் கொடுக்கவில்லை என்றாள். பதினோரு வருஷமாக எனக்கு உங்களைத் தெரியும் என்று ஆரம்பித்தவன், அந்த வாக்கியத்தை முடிக்காமல், சாவியை வரவேற்பில் கொடுத்துவிடுங்கள் என்று வேறு ஒன்றை முடித்தான்.

மலையடிவாரத்து டவுனில் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து அறுநூற்றுச் சொச்சம் படங்களை அச்சடித்துக் கொடுக்க ஸ்டுடியோக்காரருக்கு ஐந்து மணி நேரம் ஆனது. ஒவ்வொரு படமும் தாளில் வந்ததும் வத்சலா போனிலிருந்து அதை அழித்தாள். சாயங்காலம் பிளாஸ்டிக் கூடை நிறைய நாச்சிமலையைத் தூக்கிக்கொண்டு மஞ்சிக்கோம்பையில் இறங்கினாள். ஊர் கூடவே வந்தது. மொக்கச்சாமி வெற்றிலை பாக்கை எடுத்துக் கொடுத்தார். அடிவாரத்துப் பாறையில், சரம் காய்ந்திருந்த இடத்தில், கூடையை வைத்தாள் வத்சலா. என்ன சொல்ல வேண்டும் என்று திரும்பிப் பார்த்தாள். இதற்கு என்று ஒரு சொல் வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். ஊருக்கும் தெரியவில்லை. போட்டோவைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் வாசலிலேயே கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் வேகமாகப் போய்விடுவார்கள், யாரும் எதுவும் பேசுவதில்லை.

“இந்தாங்க,” என்றாள் வத்சலா.

எதுவும் நடக்கவில்லை. முள் அசையவில்லை, கல் உருளவில்லை. காதை வைத்துப் பார்த்தவர்கள், உள்ளே சத்தம் அதேபோலத்தான் இருக்கிறது என்றார்கள். மூன்று நாள் தண்ணீர் இருந்த தொட்டியைத் தாண்டி எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் புதன்கிழமை காலையிலும் முதுகாகத்தான் இருந்தது. லாரியில் தண்ணீர் கேட்டு மனு எழுத மொக்கச்சாமி வெள்ளைத் தாள் தேடிக்கொண்டிருந்தார். வத்சலா ஏழரை மணி பஸ்ஸில் ஏறினாள். தான் செய்தது முட்டாள்தனமா, அரைகுறையாகச் செய்த சரியான காரியமா, யாருக்காகச் செய்தோம், மலைக்கா, ஊருக்கா, எங்கோ டல்லாஸில் பொறாமைப்பட்டதுபோலக் கேட்ட பெண்ணுக்கா என்று ஒன்றும் பிடிபடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். போதுமணி கீழே நின்று, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள், ஆச்சு என்று வத்சலா பொய் சொன்னாள். வண்டி கிளம்பியது.

வாழைத் தோட்டத்தைத் தாண்டி இரண்டாவது வளைவில் அந்தச் சத்தம் வந்தது. முதலில் பஸ்ஸின் சத்தம்போல இருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்தார், அது நிற்கவில்லை. பின் சீட்டிலிருந்து ஒருவர் எழுந்தார், அப்புறம் இரண்டு பேர், அப்புறம் பஸ் முழுக்க எழுந்து இடது பக்கம் சாய்ந்தது. எல்லாரும் ஒரே பக்கம் சாயாதீங்கய்யா, வண்டி கவுந்துரும் என்று கத்திக்கொண்டே கண்டக்டரும் இடது பக்கமே வந்து நின்றார். ஊர்ப் பக்கமிருந்து குடங்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தமும், ஓடைக்கல் உருளுகிற சத்தமும், யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தமும் வந்தன.

வத்சலாவின் பக்கத்தில் இருந்த பெண் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அக்கா, திரும்பியிருக்குக்கா. இங்கிட்டுப் பார்த்துத் திரும்பியிருக்கு. பாருங்கக்கா.”

“நீங்க பாருங்கம்மா,” என்றாள் வத்சலா. தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, எதிர் வரிசையில் காலியாகக் கிடந்த சீட்டில் போய், மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஜன்னலுக்குக் கீழிருந்த தகரத்தில் யாரோ ஆணியால் கீறியிருந்த ஒரு பெயரைப் படித்தாள், முழுவதும் படித்தாள். பஸ் நிறைந்த ஆட்களின் இடுக்கு வழியாக, திறந்த ஜன்னல்களில் இருந்து, குளிர்ந்த சாரல் வந்து பிடரியில் விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.